காகத்தின் கழுத்து என்ன நிறம்?

போன வருடம் அரையாண்டுத் தேர்வு முடிந்து விடைத்தாள்கள் வீட்டுக்கு வந்தன. மகள் அப்போது இரண்டாம் வகுப்பு. சூழ்நிலையியல் தாளில் ஒரு கேள்வி: காகத்தின் நிறம் என்ன? ‘கறுப்பு, கழுத்து சாம்பல்’ என்று எழுதியிருந்தாள். பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி.

நான் முதலில் செய்த காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். “கறுப்புன்னு மட்டும் எழுதியிருக்கலாம்ல பாப்பா?” என்று கேட்டேன். அவள் பதில் பேசவில்லை. என் கையைப் பிடித்து மொட்டைமாடிக்கு இழுத்துக்கொண்டு போனாள். கைப்பிடிச் சுவரில் மாமியார் வைத்திருந்த சோற்றைக் கொத்திக்கொண்டு இரண்டு காகங்கள் நின்றன. “இப்பப் பாரும்மா” என்றாள்.

பார்த்தேன். முகமும் இறக்கையும் வாலும் மினுமினுக்கும் கறுப்பு. பிடரியிலிருந்து கழுத்தைச் சுற்றி நெஞ்சு வரைக்கும் சாம்பல். துணியைச் சுற்றிப் போர்த்தியதுபோல அவ்வளவு தெளிவாக இருந்தது.

எங்கள் வீட்டில் காகத்துக்கு வைக்காமல் யாரும் சாப்பிடுவதில்லை. அமாவாசை என்றால் இன்னும் விசேஷம், காகம் வந்து எடுக்கும்வரை இலை போடமாட்டார்கள். எனக்கு 36 வயது. தினமும் காகம் பார்த்து வளர்ந்தவள். ஆனாலும் காகம் என்ன நிறம் என்று யாராவது கேட்டிருந்தால் யோசிக்காமல் கறுப்பு என்றுதான் சொல்லியிருப்பேன். ஏழு வயதுக் குழந்தை பார்த்ததை எழுதியிருக்கிறாள். நான் அதைத் திருத்தப் பார்த்தேன்.

பள்ளிக்குப் போய் ஆசிரியையிடம் பேசினேன். நல்லவர், பொறுமையாகக் கேட்டார். “விடைக்குறிப்புல கறுப்புன்னுதாங்க இருக்கு. அடுத்த தடவை அப்படியே எழுதச் சொல்லிருங்க” என்றார். வகுப்பில் நாற்பதுக்கும் மேல் பிள்ளைகள், அத்தனை தாளையும் இரவில் உட்கார்ந்து திருத்துகிறார். அவர்மீது எனக்குக் கோபமில்லை. போன மதிப்பெண்ணும் எனக்குப் பெரிதில்லை. உன் கண்ணில் பட்டதைவிடத் தாளில் இருப்பதுதான் சரி என்று ஒரு குழந்தை இந்த வயதிலேயே கற்றுக்கொண்டுவிடுமோ என்பதுதான் என் பயம். வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில், சுற்றுச்சூழல் கல்வியைக் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1991-ல் சொன்னது. இன்று எல்லாப் பள்ளியிலும் அந்தப் பாடம் இருக்கிறது. ஆனால் பிள்ளைகள் வெளியே போய் ஒரு பொருளைக் கால்மணி நேரம் பார்ப்பதற்குப் பாடவேளையில் இடமில்லை. சரி, வீட்டில் நாம் அந்த இடத்தைக் கொடுப்போம் என்று அன்றைக்கு முடிவு செய்தேன். இந்த ஒரு வருடத்தில் எனக்குப் புரிந்ததை எழுதுகிறேன். நான் விஞ்ஞானம் படித்தவள் இல்லை, வணிகவியல் படித்தவள்.

முதல் வாரத்திலேயே மகள் ஓடிவந்தாள். “அம்மா, இன்னிக்கு ஒரு காக்கா வந்திருக்கு, அதுக்குக் கழுத்தும் கறுப்பு! டீச்சர் பார்த்தது இதுதான் போல.” எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. சோறு வைத்துக்கொண்டிருந்த மாமியார் திரும்பிக்கூடப் பார்க்காமல், “அது அண்டங்காக்கா. கொரல் வேற மாதிரி இருக்கும், கேட்டுப் பாரு” என்றார். கேட்டோம். இன்னும் கரகரப்பாக, அடித்தொண்டையிலிருந்து வந்தது. அலகும் தடிமன். அண்டங்காக்கை என்ற சொல்லைச் சின்ன வயதிலிருந்து திட்டாகத்தான் கேட்டிருக்கிறேன். இது வேறு பறவை, அது வேறு பறவை என்று பிரித்துப் பார்த்தவர்கள் வைத்த பெயர் அது என்று அன்றைக்குத்தான் உறைத்தது. மகளுக்கு அந்தப் பெயர் ஒரே நாளில் மனதில் நின்றுவிட்டது. வித்தியாசத்தைக் கண்ணால் பார்த்த பிறகு பெயர் வந்தது, அதனால்தான்.

பெயரை முந்திச் சொன்னால் என்ன ஆகும் என்பதைச் சின்னவனிடம் பார்த்தேன். அவனுக்கு நான்கு வயது. வீட்டுக்குப் பின்னால் சன்ஷேடுக்குக் கீழே மழை படாத இடத்தில் பொடிமண் கிடக்கும். அதில் புனல் மாதிரி சின்னச் சின்னக் குழிகள். குந்தி உட்கார்ந்து ஒரு புல் நுனியால் குழியின் ஓரத்தைத் தொட்டான். அடியிலிருந்து மண் தெறித்தது. “உள்ள யாரோ மண்ணு எறியிறாங்க!” என்று கத்தினான். நான் உடனே ஆரம்பித்துவிட்டேன்: அது குழிநரி, எறும்பு வழுக்கி உள்ளே விழுந்தால் பிடித்துத் தின்னும், வளர்ந்தால் தட்டான் மாதிரி இறக்கை முளைத்துப் பறக்கும். அரை நிமிடம் ஆகியிருக்கும். “ஓ” என்றான். எழுந்து போய்விட்டான். அவன் கண்டுபிடிக்க நான் ஒன்றையும் மிச்சம் வைக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து அவனாகவே திரும்ப அந்தப் பக்கம் போனான். இந்த முறை வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். “எத்தனை குழி இருக்கு?” என்று மட்டும் கேட்டேன். பதினொன்று. மறுநாள் ஒன்பது. ரெண்டு எங்கே போச்சு? அவனுக்கு அது பெரிய வழக்காகிவிட்டது. ஒரு குழியை மெல்லத் தோண்டி, பூச்சியை ஒரு தட்டில் மண்ணோடு எடுத்து வைத்தோம். மூட்டைப்பூச்சி அளவுதான், முன்னால் இடுக்கி மாதிரி இரண்டு கொம்பு. சிறிது நேரம் செத்ததுபோலக் கிடந்தது. பிறகு நகர்ந்தது. “அம்மா, இது ரிவர்ஸ்லயே போகுது!” உண்மைதான். குழிநரி பின்பக்கமாகத்தான் நகரும், குழி தோண்டுவதும் பின்னால் நகர்ந்து வட்டமாகச் சுற்றிச் சுற்றித்தான். நான் முதல் நாள் கொட்டிய விவரங்களில் இது இல்லை. எனக்கே தெரியாது. பார்த்து முடித்ததும் அதே இடத்தில் விட்டோம். சாயங்காலத்துக்குள் புதுக் குழி தயார்.

அதற்குப் பிறகு நான் கேட்கும் கேள்விகளை மாற்றிக்கொண்டேன். ‘இது என்ன?’ என்று குழந்தையைக் கேட்டால் அது ஒரு தேர்வு. தெரியாவிட்டால் குழந்தையின் முகம் சுருங்கிவிடும். ‘இது என்ன பண்ணுது?’, ‘நேத்து இப்படி இருந்துச்சா?’, ‘கால் எத்தனை?’ என்று கேட்டால் பதில் பூச்சியிடமே இருக்கிறது, குனிந்து பார்த்தால் போதும். காலை எண்ணுவது எவ்வளவு பயன் என்பதை ஐப்பசி மழையில் கண்டோம். முதல் மழைக்குப் பிறகு கண்மாய்க் கரை மண்ணில் ரத்தச் சிவப்பில் வெல்வெட் துணி மாதிரி ஒன்று ஊர்ந்து போகுமே, எங்கள் பக்கம் பட்டுப்பூச்சி என்போம். சங்கப் பாடல்களில் மூதாய் என்று வருவது இதுதான். சின்னவன் அதை உள்ளங்கையில் விட்டு எண்ணினான். எட்டு. எறும்புக்கு ஆறு, ஈக்கு ஆறு, இதற்கு மட்டும் எப்படி எட்டு? வீட்டுச் சுவரில் இருந்த சிலந்தியை எண்ணிப் பார்த்தான். அதற்கும் எட்டு. “அப்ப இது சிலந்திக்குச் சொந்தக்காரங்களா?” என்றான். ஆமாம், அது சிலந்தி, தேள் வகையைச் சேர்ந்த உண்ணிதான், பூச்சி என்று நாம் சொல்வது வழக்கத்தில் வந்தது. விரல் விட்டு எண்ணத் தெரிந்த குழந்தைக்கு உயிரினங்களைப் பிரிக்கவும் தெரிந்துவிட்டது.

நோட்டுப்புத்தகம் பற்றிச் சொல்ல வேண்டும். கோடு போடாத நோட்டு, ஒரு பென்சில், கைக்கு அடக்கமான ஒரு லென்ஸ். இவ்வளவுதான் செலவு. பக்கத்தின் மேலே தேதி, நேரம், வெயிலா மேகமா. அப்புறம் படம். படம் அழகாக இருக்க வேண்டியதில்லை. படம் வரைய உட்கார்ந்தால்தான் பார்த்ததில் எங்கே ஓட்டை என்று தெரியும். அணிலை வரைந்துகொண்டே வந்த மகள் முதுகுக் கோடு வந்ததும் நின்றுவிட்டாள். மூன்று கோடு என்று கதையில் தெரியும். அந்தக் கோடு தலை வரைக்கும் வருமா, வால் வரைக்கும் போகுமா? தெரியாது. பென்சிலை வைத்துவிட்டுப் பின்வாசல் கொய்யா மரத்தடிக்குப் போய் நின்றாள். அந்தப் பத்து நிமிடத்துக்காகத்தான் நோட்டு.

நான் அந்த நோட்டில் எதையும் திருத்துவதில்லை. எழுத்துப்பிழையைக்கூட. ஒரு பட்டாம்பூச்சிக்கு நாலு கால் போட்டிருந்தாள், சொல்ல வாய் வந்தது, விட்டுவிட்டேன். மூன்று வாரம் கழித்து எருக்கஞ்செடியில் ஆரஞ்சு நிறத்தில் ஒன்று உட்கார்ந்திருந்தபோது லென்ஸ் வைத்துப் பார்த்தாள், நாலு கால்தான் தெரிந்தது. வெந்தய வரியன் என்ற அந்த வகையிலும் அதன் சொந்தங்களிலும் முன்னங்கால் இரண்டும் குறுகி நெஞ்சோடு ஒட்டியிருக்கும், நடக்க உதவாது. நான் திருத்தியிருந்தால் தப்பாகத் திருத்தியிருப்பேன்.

இந்த வருடத்தில் எங்களை அதிகம் கட்டிப்போட்டது மாடியில் இருக்கும் கறிவேப்பிலைத் தொட்டிதான். அதைப் பற்றி மட்டும் பதினாறு பக்கம் இருக்கிறது.

ஒருநாள் தாளிக்க இலை பறிக்கப் போனபோது கொழுந்து இலையில் கடுகைவிடச் சின்னதாக, வெளிர் மஞ்சளில் ஒரு உருண்டை. பறிக்காமல் மகளைக் கூப்பிட்டேன். மூன்றாம் நாள் உருண்டை காலியாக இருந்தது, பக்கத்தில் ஒரு நூல் துண்டு அளவு புழு. வளர வளரப் பார்த்தால் பறவை எச்சம் மாதிரியே இருக்கிறது, பழுப்பில் வெள்ளைத் தீற்றலோடு. “சீ, காக்கா அசிங்கம்” என்று சின்னவன் முகம் சுளித்தான். அவனையே ஏமாற்றிவிட்டது என்றால் குருவியையும் ஏமாற்றும் என்று மகளுக்கு விளங்கிவிட்டது. அப்புறம் ஒருநாள் தோலை உரித்துவிட்டுப் பச்சையாக வந்து நின்றது. இப்போது தேடினாலும் தெரியவில்லை. நோட்டில் ‘புழு செத்துப் போச்சு’ என்று எழுதி, மறுநாள் அதை அடித்து ‘இல்ல, கலர் மாறிடுச்சு’ என்று எழுதியிருக்கிறாள். புல்லால் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து சிவப்பாக இரண்டு கொம்பை நீட்டும், அழுகின பழ வாடை வரும். அந்த வாடையை மோந்து பார்த்துவிட்டுப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் எல்லாரையும் கூட்டிக்கொண்டு வந்தாள்.

இரண்டு வாரத்துக்குப் பிறகு அது ஒரு குச்சியில் தன்னை ஒற்றை இழையால் இடுப்பில் கட்டிக்கொண்டு கூட்டுப்புழுவானது. பள்ளியிலிருந்து வந்ததும் பையைக்கூடக் கழற்றாமல் மாடிக்குத்தான் ஓடுவாள். ஒரு வாரம் ஆனது, பத்து நாள் ஆனது. ஒரு சனிக்கிழமை காலை அதன் பக்கவாட்டில் ஊசி குத்தியது மாதிரி ஒரு ஓட்டை. அதிலிருந்து பட்டாம்பூச்சி வரவில்லை. கொசுவைவிடச் சின்னதாக, பச்சை மினுக்கில் குளவிகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன.

அழுவாள் என்று நினைத்தேன். அழவும் செய்தாள். அதே கண்ணீரோடு எண்ணவும் செய்தாள். 27 வரை எண்ணினாள், அதற்கு மேல் பறந்துவிட்டன. அந்தக் குளவிகள் கூட்டுப்புழு இளசாக இருக்கும்போதே உள்ளே முட்டையிட்டுவிடும், குஞ்சுகள் உள்ளிருந்தே தின்று வளரும் என்று அன்று ராத்திரி சேர்ந்து படித்தோம். “அந்தக் குளவி அம்மா கெட்டதாம்மா?” என்று கேட்டாள். நான் வேகமாக ஒரு பதிலைச் சொல்லியிருக்கலாம். “நீ என்ன நினைக்கிற?” என்று கேட்டேன். வெகுநேரம் யோசித்துவிட்டு, “அதோட பிள்ளைங்களுக்கும் பசிக்கும்ல” என்றாள். இதை எந்தப் பாடத்தில் வைத்துச் சொல்லிக்கொடுப்பது?

அடுத்த முட்டையிலிருந்து வந்தது நல்லபடியாக முடிந்தது. கூடு கறுத்து, உள்ளே இறக்கையின் வெள்ளைப் பொட்டுகள் தெரிந்த மறுநாள் காலை ஏழு மணிக்குள் வெடித்தது. ஈரமாகக் கசங்கிய இறக்கையோடு தொங்கி, மெல்ல மெல்ல விரித்து, காய்ந்ததும் பறந்தது. அதற்குத் தமிழில் கறிவேப்பிலை அழகி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அன்றைக்குப் பள்ளிக்கு அரைமணி நேரம் தாமதம். மன்னிப்புக் கடிதத்தில் உண்மையைத்தான் எழுதிக் கொடுத்தேன்.

ஒரு பெற்றோராக எனக்குத் தைரியம் கொடுத்த கதை ஒன்று உண்டு. 1934-ல் லண்டனில் பிறந்த ஜேன் குடால் நான்கைந்து வயதில், முட்டை கோழிக்குள் இருந்து எப்படி வெளியே வரும் என்று தெரிந்துகொள்ள ஒரு கோழிக்கூண்டில் போய் ஒளிந்துகொண்டார். ஏறக்குறைய நான்கு மணி நேரம். வீட்டில் எல்லாரும் பதறித் தேடியிருக்கிறார்கள். உடம்பெல்லாம் வைக்கோலோடு ஓடிவந்த பிள்ளையை அவருடைய அம்மா அடிக்கவில்லை, திட்டவில்லை. உட்கார்ந்து, கோழி முட்டையிட்ட கதையை முழுசாகக் கேட்டார். அந்தப் பிள்ளைதான் வளர்ந்து 1960-ல் தான்சானியாவின் கொம்பே காட்டில், சிம்பன்சி ஒன்று புல் தண்டைப் புற்றுக்குள் விட்டுக் கரையான் எடுத்துத் தின்பதைப் பார்த்தார். கருவி செய்வது மனிதன் மட்டும்தான் என்று அதுவரை நூல்களில் இருந்தது. பார்த்ததை அவர் நம்பினார், எழுதினார். அந்த அம்மாவின் இடத்தில் நானாக இருந்தால் என்ன செய்திருப்பேன் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். முதுகில் ஒன்று வைத்திருப்பேன் என்றுதான் தோன்றுகிறது. அதை மாற்றிக்கொள்ளப் பழகிக்கொண்டிருக்கிறேன்.

காட்டுக்கோ பெரிய சரணாலயத்துக்கோ போக வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். நாங்களும் விடுமுறையில் வேன் பிடித்துப் போனோம். நல்ல அனுபவம்தான், ஆனால் ஒருநாள் பார்த்ததில் பிள்ளைகளுக்கு நினைவிருப்பது வழியில் சாப்பிட்ட பரோட்டா. சின்னப் பிள்ளைகளுக்குத் தேவை பக்கத்தில் இருக்கும் ஒரு பொருள், அதைத் திரும்பத் திரும்பப் பார்க்கும் வாய்ப்பு. தெருமுனையில் தூங்குமூஞ்சி மரம் ஒன்று நிற்கிறது. ஆறு மணிக்கு இலையை மூடும் என்று மகள் எழுதி வைத்திருந்தாள். ஒருநாள் மூன்று மணிக்கே மூடிவிட்டது. அன்று மழை மேகம் கவிந்து இருட்டிக்கொண்டு வந்திருந்தது. மரத்துக்குக் கடிகாரம் கிடையாது, வெளிச்சத்தைப் பார்த்து மூடுகிறது என்று அவளே எழுதினாள். அது பாதிதான் சரி, செடிகளுக்கு உள்ளுக்குள்ளும் ஒரு கடிகாரம் உண்டு. அதை அவள் எப்போதாவது கண்டுபிடிக்கட்டும், நான் சொல்லவில்லை. நிழலும் அப்படித்தான். மதுரையில் ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் நண்பகல் 12.20-ஐ ஒட்டிச் சூரியன் நேர் தலைக்கு மேல் வரும். மாடியில் நட்டுவைத்த குச்சியின் நிழல் வாரா வாரம் குறைந்து குறைந்து ஒருநாள் இல்லாமலே போனபோது சின்னவன் குச்சியைத் தூக்கி அடியில் தேடினான்.

செல்பேசியைப் பற்றி ஒரு வார்த்தை. நாங்கள் முதலில் பார்ப்போம், வரைவோம், கடைசியில்தான் படம் எடுப்போம். படம் எடுத்த நொடியில் பிள்ளைகள் பார்ப்பதை நிறுத்திவிடுகிறார்கள், பெரியவர்களும்தான். இன்னொன்று, பயம். கல்லைப் புரட்டுமுன் பெரியவர் யாராவது கூட இருக்க வேண்டும், கையை அடியில் விடாமல் குச்சியால் புரட்ட வேண்டும், பார்த்துவிட்டு இருந்தபடி வைக்க வேண்டும். ரோமம் உள்ள எதையும் தொடக்கூடாது. மழைக்காலத்தில் முருங்கை மரத்தில் கம்பளிப்பூச்சி கும்பலாக அப்பிக்கிடக்கும்போது எனக்கே உடம்பு கூசும். அப்போது நான் அலறினால் பிள்ளைகள் அலறுவார்கள். எட்ட நின்று, ‘பகல்ல ஏன் எல்லாம் ஒரே இடத்துல இருக்கு?’ என்று கேட்டால் அவர்கள் பயத்தை மறந்துவிடுவார்கள். நானும் கொஞ்சம் மறந்துவிடுவேன்.

தனியாகச் செய்ய அலுப்பாக இருந்தால் கூட்டாகச் செய்ய வழி இருக்கிறது. 2015-லிருந்து தமிழ்நாட்டில் பொங்கலை ஒட்டிப் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. ஓரிடத்தில் நின்று கால்மணி நேரமாவது பார்த்து, கண்ட பறவைகளை எண்ணி இ-பேர்ட் என்ற இணையதளத்தில் பதிய வேண்டும், அவ்வளவுதான். இந்த ஜனவரியில் மாடியில் நின்று எண்ணினோம். சாம்பல் கழுத்துக் காகத்தைத் தனியாகவும் அண்டங்காக்கையைத் தனியாகவும் எண்ணி எழுதினாள் மகள். தளத்திலும் அவை இரண்டும் இரண்டு வரிசையாகத்தான் இருந்தன. அதைப் பார்த்ததும் அவள் முகத்தில் வந்த வெளிச்சம் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது.

காகத்தை நாங்கள் விடவே இல்லை. காய்ந்த ரொட்டித் துண்டைத் தண்ணீர்ச் சட்டியில் நனைத்துத் தின்பதைப் பார்த்தோம். வயிறு நிறைந்த பிறகு ஒரு வடைத் துண்டைத் தொட்டிக்கும் சுவருக்கும் இடையில் செருகி, மேலே ஒரு சருகைப் போட்டு மூடியதையும் பார்த்தோம். சாயங்காலம் அதே காகமோ வேறொன்றோ வந்து அதை எடுத்தது. அதே காகம்தானா என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஒன்றுக்கு இடது காலில் ஒரு விரல் மடங்கியிருக்கிறது, அதை மட்டும் அடையாளம் தெரிகிறது. சித்திரையில் வேப்பமரத்தில் ஒரு காகம், தன் சாயலே இல்லாத ஒரு குஞ்சுக்கு ஊட்டிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துவிட்டு மாமியார், “குயிலு வேலையக் காட்டிருச்சு” என்று சொல்லிச் சிரித்தார். அன்று மதியம் முழுக்கப் பிள்ளைகள் அப்பத்தாவை விடவில்லை.

இப்போது புதுக் கேள்வி ஒன்று வந்திருக்கிறது. ‘காக்கா ராத்திரி எங்க தூங்கும்?’ எங்கள் வேப்பமரத்தில் இருட்டிய பிறகு ஒன்றுகூட இருப்பதில்லை. ஒரு வாரமாக மூன்று பேரும் மாடியில் நின்று பார்க்கிறோம். ஐந்தே முக்காலுக்கு இரண்டு மூன்றாகக் கிளம்புகின்றன, ஆறேகாலுக்குள் எல்லாம் போய்விடுகின்றன, எல்லாமே ஒரே திசையில். ஏழு நாளும் நோட்டில் அம்புக்குறி கண்மாய்ப் பக்கம்தான் இருக்கிறது. கரையில் பெரிய ஆலமரம் ஒன்று உண்டு, அதற்கு அந்தப் பக்கம் புளியந்தோப்பு. ஆலமரம்தான் என்கிறாள் மகள். புளியந்தோப்பு என்கிறான் சின்னவன். வரும் ஞாயிறு ஐந்தரைக்குக் கிளம்புகிறோம். அப்பத்தாவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார், அவருக்கு மட்டும் ஒரு ஸ்டூல் எடுத்துக்கொள்ள வேண்டும்.